ஒரு பங்குக்கு ஒரு புகை

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் முடிந்து ஜனங்கள் தேவாலயத்தை விட்டு வெளியே வந்தபோது, மணியக்காரர் ஃபின்லா மதில்மேல் ஏறி நின்று ஒரு செய்தி சொன்னார். இனிமேல் கிராவிக் ஊரில் ஒரு பங்கு நிலத்துக்கு ஒரு புகைதான்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. யாரோ பின்னாலிருந்து சிரிக்கக்கூடச் செய்தார்கள். ஃபின்லா சிரிக்கவில்லை. நிலத்துக்கெல்லாம் சொந்தக்காரரான துரையின் காரியஸ்தர் சொல்லியனுப்பியதைப் பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒப்பித்தார். ஊரில் வாய்கள் பெருத்துவிட்டன. அப்பன் பங்கை மகன் பிளக்கிறான், அந்தப் பாதியைப் பேரன் பிளக்கிறான், கடைசியில் ஒருத்தனுக்கும் வயிறு நிறைவதில்லை. ஆகவே ஒரு பங்கு, ஒரு வீடு, ஒரு அடுப்பு. கல்யாணமான மகன் அதே நிலத்தில் இரண்டாவது அடுப்பு மூட்டினால் பங்கு முழுவதும் பறிபோகும். தாய், மகன், மாடு, கோழி எல்லாரும் வெளியேற வேண்டியதுதான். கனடாவுக்குக் கப்பல் இருக்கிறது.

கூட்டத்தில் மார்சலி நின்றிருந்தாள். வேறு ஊரிலிருந்து வாழ வந்தவள் அவள். வயிற்றில் பிள்ளை அசைய ஆரம்பித்திருந்த சமயம். பக்கத்தில் நின்ற புருஷன் டார்கிலின் கையைப் பிடித்தாள். அது அவள் கையைவிடச் சில்லிட்டிருந்தது.

ஊர் பெருத்துவிட்டதாம். மேட்டுப் புல்வெளி முழுவதையும் ஆட்டுப் பண்ணைக்காரனுக்குத் தாரை வார்த்துவிட்டு, ஜனங்களைக் கடலோரக் கல்லுக்கும் சதுப்புக்கும் நடுவே ஒதுக்கித் தள்ளிவிட்டு, ஏன் இப்படி நெருக்கியடித்துக் கிடக்கிறீர்கள் என்று கேட்டால் அது எந்த ஊர் நியாயம்? ஆடு பெருகலாம், மனிதன் பெருகக் கூடாதா? இதை அங்கே யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டவன் பங்குதான் முதலில் போகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்தச் சட்டம் வாய்ச் சொல் இல்லை என்பது அறுவடை முடிந்ததும் தெரிந்தது. பக்கத்துப் பங்குக்காரி கோர்மலின் அண்ணன், மகனுக்காக ஒரு சின்ன அடுப்பு வைத்திருந்தான். ஒருநாள் காலையில் நாலு ஆட்கள் நீளக் கழிகளோடு வந்தார்கள். மார்சலி தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்த்தாள். கூரையில் வேய்ந்த வைக்கோல் தாள் சரிந்தது, உத்தரங்கள் இறங்கின, உள்ளே கஞ்சி கொதித்துக்கொண்டிருந்த பானை அப்படியே வெயிலுக்கு வந்தது. அண்ணன் பெண்டாட்டி அந்தப் பானையை இறக்கி, யாரையும் பாராமல், அதையே தூக்கிக்கொண்டு நடந்தாள். எங்கே போகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. ஊர் முழுக்கப் பேயறைந்தாற்போல நின்றது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தை யாரும் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் மார்சலி இருந்த வீட்டில் அடுப்பு ஒன்றுதான். அது மாமியார் ஒய்ரிக்கின் அடுப்பு. வீடு என்றால் பெரிய கற்பனை வேண்டாம். ஆள் படுக்கிற அகலத்துக்குக் கல் சுவர், ஒரே நீள அறை, ஒரு கோடியில் ஆட்கள், மறு கோடியில் மாடுகள், நடுவில் தரையிலேயே அடுப்பு. புகைபோக்கி கிடையாது. சதுப்பில் வெட்டிக் காயவைத்த, விறகுபோல் எரியும் மண்கட்டி நாளெல்லாம் புகைய, அந்தப் புகை அறை முழுக்கச் சுற்றி, கூரைத் தாளுக்குள் ஊறி, மெதுவாக வெளியேறும். வேண்டுமென்றே அப்படித்தான் கட்டுவார்கள். கரி ஏறிய தாள்தான் வயலுக்கு உயிர். வருஷா வருஷம் மே மாதத்தில் கூரையைப் பிரித்து, கறுத்த தாளை உருளைக்கிழங்குப் பாத்தியில் பரப்பிவிட்டுப் புதுத்தாள் வேய்வார்கள். மரமில்லாத அந்தத் தீவில், கல்லைத் தோண்டி மண் தேடுகிற அந்தப் பூமியில், புகையைக்கூட அவர்கள் வீணாக்குவதில்லை.

ஒய்ரிக்கின் அடுப்பு அவள் வாழ வந்த நாளிலிருந்து அணைந்ததே இல்லை. அவளுடைய மாமியார் காலத்திலும் அணையவில்லை என்பார்கள். இரவில் சாம்பலால் மூடுவாள், காலையில் கிளறுவாள், நடுவே முணுமுணுவென்று ஒரு ஜெபம். அந்தச் சாம்பலை வேறு யாரும் தொடக் கூடாது. கல்யாணமான புதிதில் மார்சலி ஒருநாள் ஆசையாகப் போய் மூடினாள். கிழவி அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"தள்ளு. இந்த அடுப்பை மூட உனக்குக் கை போதாது."

"எனக்கு எங்கம்மா வீட்ல அடுப்பே இல்லன்னு நினைச்சீங்களா அத்தை?"

"இருந்திருக்கும். அதான் உங்க வீட்டு மாடெல்லாம் எலும்பும் தோலுமா திரியுது."

அன்றிலிருந்து மார்சலி அந்த அடுப்பருகே உட்காருவதை விட்டாள். ரோஷக்காரி. வீட்டில் நெருக்கடி என்று சாக்குச் சொல்லிவிட்டு, புருஷனும் பெண்டாட்டியுமாக எதிரே இருந்த தானியக் கொட்டகையில் படுக்கப் போனார்கள். படுக்கை மட்டும்தான் அங்கே. கஞ்சியும் கிழங்கும் கிழவியின் அடுப்பிலிருந்து வரும், கூடவே நாலு வார்த்தையும் வரும்.

ஜனவரியில் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அந்த வருஷம் குளிர் என்றால் அப்படியொரு குளிர். கறந்த பால் வாளியிலேயே ஏடாக உறைந்தது. மூன்றாம் நாள் காலையில் மார்சலி பிள்ளையின் உதட்டைப் பார்த்தாள். நீலம் பாரித்திருந்தது. அவள் போட்ட கூச்சலில் டார்கில் வெறுங்காலோடு அம்மாவிடம் ஓடினான்.

"அம்மா, ரெண்டு கங்கு குடும்மா. ஒரு சட்டியில போட்டுக் குடு."

"என் அடுப்பு நெருப்பு வாசல் தாண்டாதுடா. தாண்டினா மாட்டுப் பாலோட சாரமும் கூடவே போயிடும். எங்க மாமியார் எனக்குச் சொன்னது."

"பிள்ளை வெறைச்சுப் போயிடும்மா!"

"அப்ப பிள்ளையைத் தூக்கிட்டு இங்க வரச் சொல்லு. யார் வேணாம்னா? என் வாசல் என்ன அடைச்சா கெடக்கு?"

மார்சலி போயிருக்கலாம். அது அவளுக்கும் தெரியும். ஆனால் போகவில்லை. அந்த அடுப்பருகே போய் அந்தக் கிழவியின் வாய்க்கு இன்னொரு தரம் தீனி போடுவதைவிட, பிள்ளையைத் தன் மார்போடு கட்டிக்கொண்டு கிடப்பது மேல் என்று இருந்துவிட்டாள். டார்கில் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிக்கிமுக்கிக் கல்லை எடுத்துத் தட்டி, கொட்டகை நடுவில் நாலு கல்லை வைத்து, தானே ஒரு நெருப்பை மூட்டிவிட்டான்.

ஒய்ரிக் வாசலில் வந்து நின்று பார்த்தாள். "கல்லுல தட்டுன நெருப்பா? தாய் தகப்பன் இல்லாத நெருப்பு. அநாதை நெருப்பு" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் அணைக்கச் சொல்லவில்லை. பிள்ளையின் உதடு சிவந்தது.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். மார்சலிக்கு வேண்டியிருந்தது புகையாத நெருப்பு. அது எந்த உலகத்தில் கிடைக்கும்? மணியக்காரர் ஃபின்லா எப்போது வேண்டுமானாலும் மேட்டில் ஏறி நின்று ஊர்ப் புகையை எண்ணுவார். ஆகவே கடலிலிருந்து மூடுபனி ஏறுகிற நாளில், காற்று புகையைக் கூரையோடு அடித்துக்கொண்டு போகிற நாளில், இருட்டிய பிறகு, இப்படித்தான் கொட்டகை அடுப்பை எரியவிட்டாள். வானம் தெளிந்தால் சாம்பலைப் போட்டு அமுக்கிவிடுவாள். ஊருக்கெல்லாம் விஷயம் தெரியும். ஒருத்தரும் மூச்சு விடவில்லை. மேட்டுப் பாதையில் ஃபின்லாவின் நாய் தெரிந்தால் போதும், கோர்மல் தன் அடுப்பில் ஈரக்கட்டியைத் திணித்துப் பெரிய புகையாகக் கிளப்பிவிடுவாள்.

"உன் புகையை என் புகைக்குள்ள ஒளிச்சு வெச்சுடறேன்டி. முழுப் பூசணிக்காயைத்தான் சோத்துல மறைக்க முடியாது, புகையைப் புகையில மறைக்க முடியாதா?" என்பாள். பிறகு இருமி இருமிக் கண்ணீர் விடுவாள்.

இப்படியே குளிர்காலம் கழிந்தது. வசந்தம் வந்தது. டார்கில் படகுக்காரர்களோடு மீன் பிடிக்கக் கிளம்பிப் போனான். ஒய்ரிக்கும் மார்சலியும் கடற்பாசியை முதுகுக் கூடையில் சுமந்து வந்து பாத்தி கட்டினார்கள். பேச்சு வார்த்தை கம்மி. "கூடையைப் பிடி", "தள்ளி நில்லு", அவ்வளவுதான். மே மாதத்தில் நல்ல வெயில் நாளாகப் பார்த்து ஒய்ரிக் வீட்டுக் கூரைமேல் ஏறிப் பழைய தாளைப் பிரித்தாள். கறுத்த தாள் வயலுக்குப் போயிற்று. பாத்தியில் பாதிக்குத்தான் காணும். எல்லா வருஷமும் அவ்வளவுதான். மீதிப் பாதியில் விளைகிற கிழங்கு எலுமிச்சங்காய் அளவுக்குக்கூட வராது.

புதுத்தாள் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதைக் கொட்டகைக் கூரையின் ஓட்டையில் செருகலாம் என்று ஒய்ரிக் அங்கே ஏறினாள். கொட்டகைக் கூரையை யாரும் பிரிப்பதில்லை, அதில் கரி இருக்காது, பிரித்தும் பிரயோஜனமில்லை. கிழவி ஒரு பிடி தாளை உருவினாள். அவள் கை அப்படியே நின்றது.

"ஏடி மார்சலி!"

அந்தக் குரலைக் கேட்டுப் பிள்ளையை இடுக்கிக்கொண்டு மார்சலி ஓடி வந்தாள். யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றே நினைத்தாள்.

"இங்க பாருடி. மோந்து பாரு." கிழவி தாளைக் கீழே நீட்டினாள். தாள் மசியில் தோய்த்தெடுத்த மாதிரி இருந்தது. "அமுக்கி அமுக்கி எரிச்சிருக்க இல்ல? புகை வெளிய போக வழியில்லாம எல்லாத்தையும் தாளே குடிச்சிருக்கு. என் கூரையில நான் ஒரு நாளும் இப்படிப் பார்த்ததில்லடி. உன் அநாதை நெருப்பு வேலை செஞ்சிருக்கு!"

மார்சலி தாளை வாங்கி முகர்ந்தாள். மாமியார் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை! காதையே நம்ப முடியவில்லை.

அன்றைக்கு முழுக்க இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வேலை செய்தார்கள். கிழவி பிரித்துப் போட, மார்சலி சுமந்து போய்ப் பரப்பினாள். மீதிப் பாதியும் கறுத்தது. பிரித்த கூரைக்குப் பக்கத்து ஊரிலிருந்து தாள் கடன் வாங்கி வந்து புதிதாக வேய்ந்தார்கள். வழியில் போனவர்கள் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். "அடேயப்பா, ஒய்ரிக் பாத்தியைப் பாரு, இந்த வருஷம் கிழங்கு தலையளவு விளையும்" என்றார்கள். கோர்மல் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். குளிர்காலம் முழுக்கக் கண்கொத்திப் பாம்பாகப் புகையை மறைத்த ஊர் அது. அந்தப் புகை முழுவதும் வயலில் விரித்துப் போட்டுக் கிடக்கிறது என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அவர்கள் கண்ணுக்கு அது உரம். உரத்தைப் பார்த்தால் அவர்களுக்கு வேறெதுவும் கண்ணில் படாது.

மறுநாள் மத்தியானம் ஃபின்லா வந்தார். வரப்புச் சுவர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தவர், பாத்தியைக் கண்டதும் நின்றுவிட்டார். அவரும் அந்த ஊர் மண்ணில் கிழங்கு தின்று வளர்ந்தவர்தானே. குனிந்து தாளை எடுத்து முகர்ந்தார். முகம் மலர்ந்தது.

"ஒய்ரிக் அக்கா, என்ன கரி, என்ன கரி! ஊர்லயே உன் பாத்திதான் போ."

"கண்ணு வைக்காதடா. உனக்கும் ஒரு கூடை கிழங்கு தரேன்."

"குடு குடு. சொன்ன வாயால மறுக்கக் கூடாது." சிரித்துக்கொண்டே பாத்தி ஓரமாக நடந்தார். நடந்தார். நடை குறைந்தது. பாத்தியின் கடைசிக்குப் போய் நின்று, திரும்பி, மொத்த நீளத்தையும் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி வீட்டுக் கூரையைப் பார்த்தார். புதுத்தாள். கொட்டகைக் கூரையைப் பார்த்தார். அதிலும் புதுத்தாள்.

மார்சலிக்கு அப்போதுதான் புரிந்தது. தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். ஒய்ரிக் கையில் மண்வெட்டியோடு சிலையாக நின்றிருந்தாள். அந்த வாய் திறக்காமல் நின்று மார்சலி பார்த்ததே இல்லை.

ஃபின்லா வரப்புச் சுவரில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஒரு கூரைத் தாள் இவ்வளவு தூரத்துக்கு வராது அக்கா" என்றார். "ரெண்டு கூரை. ரெண்டு அடுப்பு. குளிர்காலம் பூரா மேட்டுல நின்னு கண்ணு பூத்துப்போக எண்ணினேன். புகையைத்தான் எண்ணினேன். இதை எண்ணத் தோணல."

"பார்க்காத மாதிரி போயிடுங்க" என்றாள் மார்சலி. "உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"நான் போயிடுவேம்மா. பின்னாலயே காரியஸ்தர் குதிரையில வராரு. அவரும் எத்தனையோ வருஷமா கறுப்புத் தாள் பார்த்துட்டுத்தான் இருக்காரு. நான் சொல்லாம அவர் கண்டுபிடிச்சா என் பங்கும் போயிடும். எனக்கும் வீடு நிறையப் பிள்ளைங்க." அவர் முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு பண்ணலாம். அவர் வர்றதுக்குள்ள கொட்டகை அடுப்பை அணைச்சிடுங்க. கல்லையெல்லாம் பெயர்த்துப் போட்டுடுங்க. தப்பு நடந்தது, சரி பண்ணியாச்சுன்னு நான் சொல்லிக்கறேன். பங்கு அக்காகிட்டயே இருக்கும். ஆனா மறுபடி மூட்ட மாட்டீங்கன்னு அவர் நம்பணும்னா நீயும் டார்கிலும் பிள்ளையும் அடுத்த கப்பல்ல கிளம்பணும். இல்லேன்னா எல்லாருக்கும் சேர்த்துக் கூரை இறங்கிடும்."

கப்பல். டார்கில் கடலில் இருக்கிறான், நாலு நாள் கழித்து மீனோடு வருவான், வந்ததும் அவனிடம் என்ன சொல்வது? மார்பில் கிடந்த பிள்ளையோ எதுவும் அறியாமல் தூங்கிக்கொண்டிருந்தது. கோர்மல் தன் வாசலில் நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிணற்றடியில் தண்ணீர் வாளி இருந்தது. ஃபின்லா அதைத் தூக்கி வந்து மார்சலியின் காலடியில் வைத்தார்.

"அடுத்தவங்க அடுப்பை அணைக்கற பாவம் எனக்கு வேணாம். நீயே ஊத்திடும்மா."

மார்சலி வாளியைப் பார்த்தாள். குனிய முடியவில்லை. உள்ளே போய் அந்த நாலு கல்லுக்கு நடுவே இதைக் கொட்ட வேண்டும், கொட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று மனசுக்குத் தெரிகிறது. கை மட்டும் வரமாட்டேன் என்கிறது.

"தள்ளு" என்றாள் ஒய்ரிக். மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து வாளியைத் தூக்கினாள். "இதுக்கும் கை போதாதா உனக்கு?"

அந்த வார்த்தை மார்சலியைச் சுட்டது. ஆகட்டும் என்று நினைத்தாள். எத்தனை நாள் காத்திருந்தாளோ கிழவி. அநாதை நெருப்பு என்றாள், இன்றைக்கு அவள் கையாலேயே காரியம் முடிகிறது. பங்கும் அவளுக்கு, அடுப்பும் அவளுக்கு, வாய்க்கு வாய் பதில் பேச இனி ஆளும் இல்லை. நிம்மதியாக இருக்கட்டும்.

கிழவி வாளித் தண்ணீர் தளும்பத் தளும்ப நடந்தாள். கொட்டகை வாசல் வந்தது. அவள் நிற்கவில்லை. அதைத் தாண்டி, தலையைக் குனிந்து, தன் வீட்டுக்குள் நுழைந்தாள்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். மாடுகள் இரண்டும் மிரண்டு கத்தின. வாசல் வழியாக வெள்ளை ஆவி குபுகுபுவென்று வெளியே வந்தது.

சாவு விழுந்த வீட்டில் கத்துவதுபோல "ஐயோ!" என்று கத்தினாள் கோர்மல். ஃபின்லா எழுந்து நின்றுவிட்டார். மார்சலிக்கு நடந்தது என்னவென்று விளங்கவே சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் மண்ணிலேயே உட்கார்ந்தாள். சூரியன் விழுந்துவிட்டது என்று யாராவது சொல்லியிருந்தால்கூட அவள் அப்படி அதிர்ந்திருக்க மாட்டாள்.

ஒய்ரிக் காலி வாளியோடு வெளியே வந்தாள். முகத்திலும் பாவாடையிலும் ஈரச் சாம்பல் தெறித்திருந்தது.

"ஃபின்லா. எண்ணு."

ஃபின்லா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தொப்பியை எதுக்குடா கழட்டற? இங்க யாரும் சாகல. எண்ணுன்னா எண்ணு. கொட்டகையில ஒண்ணு எரியுது. வேற எங்கயாவது தெரியுதா?"

"அக்கா, என்ன காரியம் பண்ணிட்ட. பங்கு உன் பேர்ல இருக்கு. அடுப்பு அணைஞ்சவங்க பேர்ல பங்கு நிக்காது."

"அது எனக்குத் தெரியாதா? டார்கில் பேருக்கு மாத்திக்கோ. ஒரு பங்கு, ஒரு புகை. சட்டம் கேட்டது அவ்வளவுதானே? எந்தப் புகைன்னு சொல்லிச்சா?"

காரியஸ்தர் குதிரைமேல் மேட்டுப் பாதையில் வந்துகொண்டிருந்தார். ஃபின்லா தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு அவரை எதிர்கொண்டு ஓடினார். மேட்டிலே இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். காரியஸ்தர் கையை நீட்டிப் பாத்தியைக் காட்டினார், கொட்டகையைக் காட்டினார், வீட்டைக் காட்டினார். ஃபின்லா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். கடைசியில் காரியஸ்தர் குதிரையைத் திருப்பிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார். இறங்கிக்கூட வரவில்லை. அவருக்கு அது ஒரு சின்ன விஷயம்.

ஃபின்லா திரும்பி வந்து தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பங்கு டார்கில் பேருக்கு. கொட்டகைதான் இனி வீடு. பழைய வீட்டில் மாடு கட்டலாம், தாள் அடுக்கலாம். ஆனால் அங்கே இனி ஒரு பொறிகூடப் பற்றக் கூடாது. சொல்லி முடித்ததும் யாரிடமும் விடைபெறாமல் போய்விட்டார்.

சாயங்காலம் மார்சலி கிழவியைத் தேடிக்கொண்டு பழைய வீட்டுக்குள் போனாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். புகை இல்லை. வாழ வந்த நாள் முதல் அந்த அறையில் இரண்டு முழத்துக்கு அப்பால் எதுவும் சரியாகத் தெரிந்ததில்லை. இப்போது எல்லாம் தெரிந்தது. கரி படிந்த சுவர், ஈரச் சாம்பல் குட்டை, கட்டிலில் ஒரு சின்ன உருவம். இவ்வளவு சின்ன உடம்பா இந்த மனுஷிக்கு?

"நாப்பது வருஷமா இருக்கேன்" என்றாள் ஒய்ரிக், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி. "அந்தச் சுவரை இன்னைக்குத்தான் பார்க்கறேன். கோணலா கட்டியிருக்கான் பாவி."

"ஏன் அத்தை இப்படிப் பண்ணீங்க?"

"உங்களைக் கப்பல்ல ஏத்திட்டு, யாருக்குடி நான் அடுப்பு எரிக்கறது? மாட்டுக்கா?"

மார்சலி கிழவியின் போர்வையைச் சுருட்டி எடுத்தாள். அவளுடைய முக்காலியையும் எடுத்தாள். இரண்டு பேரும் முற்றத்தைக் கடந்தார்கள். கொட்டகை வாசலில் ஒய்ரிக் நின்றாள். மார்சலி உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தாள், அவள் இன்னும் அங்கேயே நின்றிருந்தாள்.

"என்ன பார்க்கற? வீட்டுக்காரி கூப்பிடாம நான் எப்படி நுழையறது?"

"உள்ள வாங்க" என்றாள் மார்சலி.

கிழவி வந்து அடுப்புக்கு எட்ட முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள். அடுப்பில் ஒரு மண்கட்டி எரிந்து சரிந்து கல்லுக்கு வெளியே உருண்டது. கிழவியின் கை இடுக்கியை எடுக்கத் தானாக நீண்டது. பாதியில் நின்றது. பிறகு அந்தக் கையை மடக்கிப் பிள்ளையின் முதுகுக்கு அடியில் செருகிக்கொண்டாள்.

மார்சலி இடுக்கியை எடுத்துக் கட்டியைத் திருப்பி வைத்தாள். கட்டி கோணலாக விழுந்தது. கங்கு சிதறியது. நெருப்பு பாதி அமுங்கி, புகை மட்டும் கிளம்பி இரண்டு பேர் கண்ணிலும் அடித்தது. தப்பாக வைத்துவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது. வார்த்தை வரப்போகிறது என்று குனிந்த தலையோடு காத்திருந்தாள்.

ஒய்ரிக் ஒன்றும் சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் மார்சலிக்கு வந்தது.